பம்பு சீல் ஒழுகுகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள்

“சீல் போச்சுண்ணே” என்று ஷிஃப்ட் ஆள் வந்து நின்றதும் ஸ்டோருக்கு ஆள் அனுப்பிப் புதுச் சீல் எடுத்துவரச் சொல்வோம். பழசைக் கழற்றி ஸ்கிராப் டப்பாவில் வீசிவிட்டு, புதுசை மாட்டி, பம்பை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். இருபது நாளில் அதே ஆள் அதே வார்த்தையோடு வருவார். ஈரோடு, திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை பம்புகளோடு மல்லுக்கட்டிய ஆரம்ப வருடங்களில் நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஸ்கிராப் டப்பாவில் போட்ட அந்தப் பழைய சீலில்தான் விடை எழுதியிருக்கிறது என்பது ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

பம்பின் சுற்றும் ஷாஃப்ட் (தண்டு) கேசிங்கிலிருந்து, அதாவது பம்பின் வெளி ஓட்டிலிருந்து, வெளியே வரும் இடத்தில் தண்ணீர் ஒழுகாமல் தடுப்பதுதான் மெக்கானிக்கல் சீல். அதில் ஒன்றோடொன்று உரசும் பரப்புகளை ஃபேஸ் என்பார்கள். எலக்ட்ரீஷியனோடு பேசும்போது ஃபேஸ் என்றால் அவர் கரண்ட் ஃபேஸ் என்று நினைத்துக்கொள்வார், அதனால் இங்கே முகம் என்றே எழுதுகிறேன். சீலில் இரண்டு முகங்கள். ஒன்று ஷாஃப்ட்டோடு சுற்றும், இன்னொன்று கிளாண்ட் தட்டில் (ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தை மூடும் தட்டு) அசையாமல் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் ஒன்று கார்பன், எதிரே செராமிக் அல்லது சிலிக்கான் கார்பைடு. ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்து அழுத்தும், நடுவே ஒரு மைக்ரான் கணக்கில் தண்ணீர்ப் படலம் ஓடும். அந்தப் படலம்தான் இதற்கு எண்ணெய். முகம் எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்பதை ஹீலியம் விளக்கின் ஒளிக்கோடுகளை எண்ணிச் சொல்வார்கள், ஒரு கோடு சுமார் 0.29 மைக்ரான், இரண்டு மூன்று கோட்டுக்குள் இருக்க வேண்டும். தலைமுடி சுமாராக 70 மைக்ரான். ஆக, கையில் ஒட்டியிருக்கும் ஒரு பஞ்சு இழை நடுவில் மாட்டினாலே கதை முடிந்தது. முகத்தைத் துணி வேஸ்ட்டால் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பகீர் என்கிறது. டிஷ்யூ பேப்பரும் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும்.

எதைத் தொடும் முன்பும் ஸ்டார்ட்டர் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சக்‌ஷன் (உறிஞ்சும் பக்கம்), டெலிவரி (தள்ளும் பக்கம்) இரண்டு வால்வையும் மூடி, கேசிங் ட்ரெயினைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். காஸ்டிக் சோடா ஓடும் லைன் என்றால் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் கிளாண்ட் நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது.

போட்டு ஓட்டிய உடனேயே ஒழுகுகிறது

முதலில் எவ்வளவு என்று பாருங்கள். நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு விழுந்து, அது குறைந்துகொண்டே வந்தால் விட்டுவிடுங்கள், முகங்கள் ஒன்றோடொன்று பழக அரை மணி, ஒரு மணி ஆகலாம். குறையாமல் ஒரே சீராக விழுந்தால், அல்லது நூல் மாதிரி ஓடினால், நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் கழற்றாதீர்கள். சக்‌ஷன் வால்வை மட்டும் திறந்தே வைத்து (கசிவைப் பார்க்கும் இந்த வேலைக்கு மட்டும்தான், ஃபியூஸ் பையிலேயே இருக்கட்டும்), கிளாண்டைச் சுற்றி நன்றாகத் துடைத்து, டார்ச் அடித்துக்கொண்டு குந்தி உட்காருங்கள். தண்ணீர் வர மூன்று வழிதான் இருக்கிறது. கிளாண்ட் தட்டுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸுக்கும் (சீல் உட்காரும் அறை) நடுவே, வெளி விளிம்பில் வந்தால் அது கேஸ்கெட். ஷாஃப்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் (ஷாஃப்ட் மேல் மாட்டிய உறைக் குழாய்) நடுவே, கப்ளிங் பக்க முனையில், அதாவது மோட்டாரோடு இணையும் பக்கம், கசிந்தால் அது ஸ்லீவுக்கு உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அல்லது இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பக்கக் கேஸ்கெட், சீலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நூறு சீல் மாற்றினாலும் நிற்காது. ஸ்லீவின் மேற்புறத்துக்கும் நிற்கும் முகத்தின் உள் விட்டத்துக்கும் நடுவே வந்தால்தான் சீலையே சந்தேகப்பட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் கழற்றிவிட்டால், அப்புறம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

சீல்தான் என்று உறுதியானால், புதுசாகப் போட்ட சீலில் முதல் சந்தேகம் ஓ-ரிங் வெட்டு. ஷாஃப்ட்டின் சாவிக்காடி, அதாவது கீ-வே, கத்தி மாதிரி இருக்கும். ஸ்லீவின் முனையில் சரிவு எடுக்காமல் நேராக விட்டிருந்தாலும் அப்படித்தான். ஓ-ரிங் அதைத் தாண்டும்போது அரை நிலா வடிவத்தில் ஒரு சீவல் போய்விடும், கையில் தட்டுப்படாது. சாவிக்காடி மேலும் மரை மேலும் சாதாரண செல்லோ டேப் சுற்றிவிட்டு ஏற்றுங்கள், ஏற்றியதும் உரித்துவிடுங்கள். மாட்டும்போது என்ன தடவுவது என்பதிலும் கவனம். இபிடிஎம் ரப்பருக்கு கிரீஸ், எண்ணெய் கூடவே கூடாது, ஊறிப்போகும், சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு ரப்பர் உறை) வகைச் சீல் என்றால் எந்த ரப்பராக இருந்தாலும் சோப்புத் தண்ணீர் மட்டும்தான், ஏனென்றால் அந்த பெல்லோஸ் காய்ந்து ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடித்தால்தான் கூடவே சுற்றும். வழுக்கட்டும் என்று சிலிக்கான் கிரீஸை அப்பினால் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், சீல் வேடிக்கை பார்க்கும். காய்வதற்குள் சரியான இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும், பாதியில் போனை எடுத்துப் பேசக் கூடாது.

இரண்டாவது, நீளம். டிராயிங்கில் வேலை நீளம் (மாட்டிய நிலையில் சீலின் நீளம்) 42.5 என்று போட்டிருந்தால் அரை மில்லிமீட்டர் முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் விளையாடக் கூடாது. குறைத்துவிட்டால் ஸ்பிரிங் அதிகம் அழுந்தி முகம் சூடாகித் தேயும், மோட்டார் ஆம்பியரும் ஏறிக் காட்டும். கூட்டிவிட்டால் முகம் சரியாகச் சேராது. சீல் இல்லாமல் பம்பை ஒருமுறை கோர்த்து, ஸ்டஃபிங் பாக்ஸ் முகத்துக்கு நேராக ஷாஃப்ட்டில் நீல மை தடவி ஒரு கோடு போட்டுக்கொண்டு, பிரித்து, அந்தக் கோட்டிலிருந்து அளந்து சீலைப் பூட்ட வேண்டும். கேஸ்கெட் கனத்தைக் கணக்கில் எடுக்க மறப்பதுதான் இதில் வழக்கமான தப்பு. ஓ-ரிங் உட்காரும் இடத்தில் கோட்டைக் கீறி வைப்பது அதற்கு அடுத்த தப்பு.

மூன்றாவது கிளாண்ட் நட். ஒரு பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட்டில் புதுச் சீல் போட்டு, காலையில் போனபோது தரையில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. கழற்றினால் செராமிக் முகம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. விசாரித்தால், அந்த ஷிஃப்ட் ஆள் இருபது வருடம் கயிறு, அதாவது கிளாண்ட் பேக்கிங், போட்ட பம்புகளை ஓட்டியவர். ஒழுகினால் நட்டை அரைச் சுற்று இறுக்க வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிய பாடம். ராத்திரி இரண்டு சொட்டு விழுந்திருக்கிறது, இறுக்கியிருக்கிறார், இன்னும் விழுந்திருக்கிறது, இன்னும் இறுக்கியிருக்கிறார். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கயிற்றை அழுத்த அழுத்தக் கசிவு குறையும், சீலில் நட்டை இறுக்க இறுக்க முகம் வளையும். உடையாமல் வெறுமனே வளைந்திருந்தால் பழைய முகத்தில் தடம் வட்டம் முழுக்கச் சீராக இல்லாமல், நட்டுக்கு நேரான இடங்களில் மட்டும் பளபளவென்று இருக்கும். எதிர் எதிர் நட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கிளாண்டுக்கும் பாக்ஸுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நாலு பக்கமும் பாருங்கள்.

ஒற்றைக் கூம்பு ஸ்பிரிங் சீல் என்றால் நாலாவதாக ஒன்று: அதில் வலம், இடம் உண்டு. ஷாஃப்ட் சுற்றும்போது ஸ்பிரிங் இறுகிக் கவ்வ வேண்டும், மாற்றிப் போட்டால் அவிழ்ந்து நழுவும். மோட்டார் ரீவைண்டிங் போய்வந்த பிறகு எலக்ட்ரீஷியன் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தாலும் இதே விளைவுதான், இம்பெல்லர் மரையில் பூட்டியதாக இருந்தால் அதுவும் கழன்று கேசிங்கில் போய் முட்டும். சுற்றும் திசையைக் கப்ளிங்கைப் பிரித்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நின்றால் ஒழுகுகிறது, ஓடினால் நிற்கிறது (அல்லது தலைகீழாக)

நின்றிருக்கும்போது மட்டும் ஒழுகினால் சுற்றும் முகம் முன்னால் வந்து சேர முடியாமல் சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது ஓ-ரிங் இறுகிப்போய்விட்டது. ஓடும்போது மட்டும் ஒழுகினால் ஆட்டம். டயல் கேஜை (அசைவை ஊசியில் காட்டும் கருவி) எடுங்கள். ஷாஃப்ட் அல்லது ஸ்லீவ் மேல் ஊசியை வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றினால் 0.05 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளினால் 0.1 வரை பரவாயில்லை. கேஜை ஷாஃப்ட்டில் கட்டி ஸ்டஃபிங் பாக்ஸ் முகத்தைச் சுற்றிப் பார்த்தால் அதுவும் 0.05. இந்தக் கடைசி அளவை எடுப்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் முகம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் 1450 ஆர்பிஎம் பம்பில் ஸ்பிரிங் நிமிடத்துக்கு 1450 முறை முன்னே போய்ப் பின்னே வர வேண்டும். எந்தச் சீல் தாங்கும்?

கீச்சென்று சத்தம், வெளியே கருப்புப் பொடி

முகம் வறண்டு ஓடுகிறது. உடனே நிறுத்துங்கள், இன்னும் ஒரு நிமிடம் என்று யோசிக்க நேரமில்லை. கருப்புப் பொடி என்பது தேய்ந்துபோன கார்பன்தான். கழற்றினால் செராமிக் அல்லது கார்பைடு முகத்தில் நடுவிலிருந்து வெளியே கதிர் கதிராக மயிரிழை வெடிப்புகள் தெரியும்.

பனியன் துணிச் சாயப்பட்டறையில் இதற்கு முதல் காரணம் சீலே கிடையாது, சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரில் அடைத்த பஞ்சு. துணியிலிருந்து உதிர்வது மெத்தை மாதிரி படிந்துவிடும். நான் பார்த்த ஒன்றில் பம்பு கால்மணி நேரம் காய்ந்து ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஸ்ட்ரெய்னரைத் தட்டிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரைத் திறந்தார்கள், பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காய்ந்து கொதிக்கும் செராமிக் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடி டம்ளர் கதிதான். காய்ந்து ஓடிய பம்பை நிறுத்தி, கிளாண்டில் கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறவிட்டு, அப்புறம் நிரப்புங்கள்.

நிமிர்ந்து நிற்கும் பம்புகளில் வேறு தொல்லை. சீல் இருக்கும் அறைதான் உச்சியில் இருக்கிறது, காற்று அங்கே போய்த் தங்கிவிடும். பம்பு தண்ணீர் தள்ளும், கேஜ் அழுத்தம் காட்டும், சீல் மட்டும் காற்றில் சுற்றும். மேலே காற்று விடும் திருகு இருக்கிறதா பாருங்கள், தண்ணீர் சீராக வரும்வரை விட்டு, பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். மறுபடி மறுபடி போனால் சீல் அறையிலிருந்து சக்‌ஷனுக்கு ஒரு சின்னக் குழாய் போடுங்கள், அதைத்தான் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரநிலைக் கணக்கில் பிளான் 13 என்பார்கள்.

சுடுதண்ணீர் பம்பில் புஸ் புஸ்ஸென்று ஆவி துப்புகிறது

ஒரே சீராக ஒழுகாமல் விட்டு விட்டுத் துப்பினால் முகங்களுக்கு நடுவே தண்ணீர் கொதித்து ஆவியாகிறது என்று அர்த்தம். ஆவி முகங்களைத் தள்ளித் திறக்கும், தண்ணீர் உள்ளே வந்து குளிரும், முகம் படாரென்று மூடும், மறுபடியும் கொதிக்கும். பழைய கார்பனின் விளிம்புகள் எலி கடித்த மாதிரி உதிர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டேங்கில் 90 டிகிரிதானே, கொதிக்கவில்லையே என்பார்கள். உரசும் இடத்தில் சூடு அதைவிட அதிகம், போதாக்குறைக்கு 80 டிகிரிக்கு மேல் தண்ணீர் ரொம்ப நீர்த்துப்போய்ப் படலமே நிற்காது. டெலிவரியிலிருந்து சீலுக்கு வரும் ஃப்ளஷ் குழாய், அதாவது பிளான் 11, அடைத்திருக்கிறதா என்று முதலில் கையால் தொட்டுப் பாருங்கள் (கவனம், தொட்டுவிட்டு உடனே எடுங்கள்). சுடுகிற தண்ணீர் ஓடும் பம்பில் அந்தக் குழாய் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே ஓட்டமில்லை. நடுவில் இருக்கும் ஆரிஃபிஸ் துளை 3 மி.மீ அளவில்தான் இருக்கும், ஒரு துரு செதில் போதும். குழாய் சரியாக இருந்தும் துப்பினால் பிளான் 23 பக்கம் போக வேண்டும். அதில் சீல் அறையின் தண்ணீரே ஒரு குட்டிக் கூலரைச் சுற்றிவரும். செலவுதான். ஆனால் வருடத்துக்கு எத்தனை சீல் வாங்குகிறீர்கள் என்று ஸ்டோர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அப்புறம் முதலாளியிடம் பேசுங்கள், பேச்சு எளிதாகும்.

வெளியே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாமல் பட்டறை ஓட்ட முடியாது என்று ஆனது. அதோடு ஆர்ஓ, எவாபரேட்டர் (கழிவைக் கொதிக்கவைத்துத் தண்ணீரைப் பிரிப்பது) எல்லாம் வந்தன, எங்களுக்கு உப்புத் தண்ணீர் பம்பு என்ற புதுத் தலைவலியும் வந்தது.

படலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரம் எப்போதும் வெளிப்பக்கம் வந்துகொண்டுதான் இருக்கும், எல்லாச் சீலிலும். நல்ல தண்ணீர் என்றால் ஆவியாகிப் போய்விடும். உப்புத் தண்ணீர் என்றால் தண்ணீர் போய் உப்பு தங்கும். அது முகத்தின் உள்விளிம்பிலும் நகரும் ஓ-ரிங்கின் அடியிலும் கல்லாகும். கார்பன் தேயத் தேய ஓ-ரிங் முன்னால் நகர வேண்டும், நகர முடியாமல் உப்பு பிடித்துக்கொள்ளும், முகம் திறந்தபடி நிற்கும். மெர்சரைசிங் (துணிக்குப் பளபளப்பு ஏற்றும் வேலை) காஸ்டிக்கிலும் இதே கதை, அங்கே காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டு வெளிப்பக்கம் சோடா உப்பு படியும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டுத் திங்கள் காலை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் இது பெரும்பாலும் போகும். ஷாஃப்ட் கையால் சுற்றவில்லை என்றால் பைப் ரென்ச் போட்டுத் திருப்பாதீர்கள், ஒட்டியிருக்கும் முகங்களில் ஒன்று சில்லு பெயர்ந்துவிடும். கிளாண்ட் பக்கம் வெந்நீரை விட்டு அரை மணி ஊறவையுங்கள், கரைந்ததும் தானாகவே சுற்றும். நிறுத்தும்போதே கேசிங்கில் பத்து நிமிடம் கண்டன்சேட் தண்ணீரை (ஆவி குளிர்ந்து கிடைக்கும் உப்பில்லாத தண்ணீர்) விட்டு அலசிவிட்டால் இந்த வேலையே இல்லை. நிரந்தரத் தீர்வு குவென்ச்: கிளாண்ட் தட்டில் வெளிப்பக்கத் துளை ஒன்று சும்மா பிளக் போட்டுக் கிடக்கும், அதில் ரொம்பக் குறைந்த அழுத்தத்தில் நல்ல தண்ணீரை விட்டு, கீழே ட்ரெயினில் சொட்டுச் சொட்டாக வெளியேற விடுவது. அழுத்தத்தைக் கூட்டினால் பேரிங் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போய் அடுத்த மாதம் பேரிங் மாற்றுவீர்கள்.

காஸ்டிக்குக்கு முகம் வாங்கும்போது சிலிக்கான் கார்பைடு என்று மட்டும் எழுதி ஆர்டர் போடாதீர்கள். ரியாக்‌ஷன் பாண்டட் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் தனிச் சிலிக்கான் கலந்திருக்கும், காஸ்டிக் அதைக் கரைத்துத் தின்றுவிடும், முகம் சொரசொரவென்று ஆகிவிடும். சின்டர்டு வகை கேளுங்கள். ரப்பரும் வைட்டான் வேண்டாம், இபிடிஎம்.

ஓ-ரிங் உப்பியிருக்கிறது, வெடித்திருக்கிறது

உப்பினால் ரப்பர் அந்தத் திரவத்துக்கு ஒத்துவரவில்லை. கட்டையாக இறுகி வெடித்திருந்தால் சூடு. எண்ணெய்க்கு நைட்ரைல் அல்லது வைட்டான், சுடுதண்ணீருக்கும் காரத்துக்கும் இபிடிஎம். வைட்டான் கருகிப் பிசுபிசுவென்று இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கடும் சூட்டில் அதிலிருந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வரும்.

கார்ட்ரிட்ஜ் சீல் போட்டும் முதல் நாளே போய்விட்டது

ஸ்லீவ், கிளாண்ட் எல்லாம் சேர்த்துக் கோர்த்து, கம்பெனியிலேயே நீளம் வைத்து வருவதால் தப்பே நடக்காது என்று நம்பி ஏமாறும் இடம் இது. வரிசைதான் முக்கியம். உள்ளே தள்ளி, கிளாண்ட் நட்டை இறுக்கி, இம்பெல்லர் இடைவெளி சரிபார்த்து, கப்ளிங் மாட்டி அலைன்மென்ட் முடித்து, அதற்குப் பிறகுதான் ஸ்லீவைப் பிடிக்கும் கிரப் ஸ்குரூக்களை இறுக்க வேண்டும், அதற்கும் பிறகு அந்த நீளத்தைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப்புகளை எடுக்க வேண்டும். கிரப் ஸ்குரூவை முதலிலேயே இறுக்கிவிட்டு அப்புறம் இம்பெல்லரை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் சீலும் அந்த ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கிளிப்பை எடுக்க மறந்து ஓட்டிய ஆளும் உண்டு (நான்தான், ஒரே ஒருமுறை). எடுத்த கிளிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த முறை கழற்றும்போது முதலில் தேவைப்படுவது அதுதான்.

எத்தனை புதுசு போட்டாலும் அதே நாற்பது நாள்

இதற்குத்தான் பழைய சீலைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன். ஸ்லீவில் நகரும் ஓ-ரிங் உட்காரும் இடத்தில் நகத்தால் தடவுங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும், ஸ்லீவையும் சேர்த்து மாற்றுங்கள். அப்புறம் கடின முகத்தில் இருக்கும் தடத்தை ஸ்கேலால் அளங்கள். கார்பன் மூக்கு (உரசும் விளிம்பு) 3 மி.மீ அகலம், எதிர்முகத்தில் தடம் 4 மி.மீ என்றால் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடிக்கொண்டே ஓடியிருக்கிறது. பேரிங், வளைந்த ஷாஃப்ட், அலைன்மென்ட், பைப் இழுவை, இந்த நாலில் ஒன்று.

ஒரு எஃப்ளுயன்ட் (கழிவுநீர்) பம்பில் எங்களுக்குத் தடம் இப்படித்தான் அகலமாக இருந்தது. பேரிங் புதுசு, ஷாஃப்ட் நேர், அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று. கடைசியில் கப்ளிங்கில் டயல் கேஜை மாட்டி ஊசியைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, டெலிவரி ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னேன். 0.05-க்கு மேல் ஊசி அசையக் கூடாது. முதல் போல்ட்டுக்கு அசையவில்லை, மூன்றாவதுக்கு நகர ஆரம்பித்தது, கடைசிப் போல்ட் கழன்றதும் டங்கென்று ஒரு சத்தம், ஊசி 0.4-இல் போய் நின்றது, ஃபிளாஞ்ச் ஒரு விரல் அகலம் விலகித் தொங்கியது. பைப் போட்டவர்கள் இடைவெளியைப் போல்ட்டால் இழுத்துச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பம்பு இத்தனை நாளும் அந்தப் பைப்பைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. பைப்பை வெட்டி ஒரு துண்டு சேர்த்து வெல்டு வைத்து, அடியில் ஒரு சப்போர்ட் கொடுத்தோம். ஸ்டோரில் மிச்சமிருந்த அதே மாடல் சீலைத்தான் மறுபடியும் போட்டோம், பதினாலு மாதம் ஓடியது.